பழைய சுத்தியலின் முகம்

(நூலக அரங்கில் கைவினை ஆர்வலர்களுக்கு ஆற்றிய உரை)



கொல்லர் தெருவில் ஊசி விற்கப் போகாதே என்று நம் ஊரில் சொல்வார்கள். நாற்பது, ஐம்பது வருடம் உலையடியில் நின்ற கைகள் முன் வரிசையில் இருக்கும்போது சுத்தியலைப் பற்றிப் பேச எழுந்து நிற்பது எனக்கு எளிதாக இல்லை. ஆனால் அவர்களிடம் எதையும் விற்க நான் வரவில்லை. அவர்களைப் போன்றவர்களிடம் கற்றதை, பின்னால் நிற்கும் இந்த ஐ.டி.ஐ. பிள்ளைகளிடம் கொண்டுபோய்ச் சேர்க்கவே வந்திருக்கிறேன்.

இந்த மேசையைப் பாருங்கள். ஏழு சுத்தியல் தலைகள் இருக்கின்றன. ஏழும் காயலான் கடையில் எடைக்கு வாங்கியவை. கடைக்காரர் தராசில் போட்டார், கிலோக் கணக்கில் காசு வாங்கிக்கொண்டார். அவருக்கு ஏழும் ஒன்றுதான், ஏழும் இரும்பு. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் எடுத்து வைக்காவிட்டால் இவை என் கைக்கே வந்திருக்காது. ஆனால் இன்னும் ஒரு மாதம் தாமதித்துப் போயிருந்தால் இந்த ஏழும் லாரி ஏறி, உருக்காலைக்குப் போய், கட்டடக் கம்பியாகி, ஏதோ ஒரு தூணுக்குள் காங்கிரீட்டில் புதைந்திருக்கும்.

இந்த ஏழும் ஒன்றுதானா? ஒரே இரும்பா? ஒரே வேலையா? ஒரே வயதா? அதுதான் இன்றைய என் பேச்சு. பழைய சுத்தியலை எப்படி அடையாளம் காண்பது? எதை உலைக்களத்துக்கு அழைத்து வருவது? எதை உருமாற்றலாம்? எதைத் தொடவே கூடாது?

சிறுவனாக நான் துருத்தி இழுத்த பட்டறையில் ஒரு பெரியாசாரி இருந்தார். அந்தப் பட்டறையில் எதுவும் புதிதாகப் பிறந்ததில்லை. லாரி வில்பட்டை அரிவாளாகும். தேய்ந்த அரம் கத்தியாகும். உடைந்த கடப்பாரை உளியாகும். ஒரு நாள் அவர் பெரிய சம்மட்டித் தலை ஒன்றை வாங்கி வந்தார். வந்தவர் அதை உலையில் வைக்கவில்லை. திண்ணையில் வைத்தார். மூன்று நாள் போகிறபோதும் வருகிறபோதும் அதையே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுமை இல்லை. “என்ன தாத்தா, இன்னும் உலையில வைக்கலையா?” என்று கேட்டேன். “பொறுடா. இதுவரைக்கும் இது என்ன வேலை பார்த்துச்சுன்னு தெரியணும். அப்புறம்தான் புது வேலை கொடுக்கணும்” என்றார்.

ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நான் ஐ.டி.ஐ.யில் பாடம் நடத்திய காலத்திலும், ஓய்வு பெற்ற பிறகும், என் கையில் ஒரு பழைய சுத்தியல் வந்து விழுந்தால் அந்தத் திண்ணைதான் நினைவுக்கு வருகிறது. முதலில் பார்க்க வேண்டும். பிறகுதான் காய்ச்ச வேண்டும்.

எதைப் பார்ப்பது? முகத்தைப் பாருங்கள்.

சுத்தியலுக்கு முகம் உண்டு, கன்னம் உண்டு, கண் உண்டு. அடிக்கிற தட்டையான பக்கம் முகம். காம்பு நுழைகிற துளை கண். கண்ணின் இரு பக்கமும் கன்னம். முகத்துக்கு எதிர்ப்பக்கம், உருண்டையாகவோ பட்டையாகவோ இருப்பதை ஐ.டி.ஐ.யில் ‘பீன்’ என்று படிக்கிறோம். நான் இங்கே மூக்கு என்றே சொல்கிறேன். பிள்ளைகளுக்கு அது எளிதில் மனத்தில் நிற்கும்.

ஏன் ஒரு சுத்தியலுக்கு மூக்கு உருண்டை, இன்னொன்றுக்கு மூக்கு பட்டை? அழகுக்கா? இல்லை. களிமண்ணை எடுத்து விரல் நுனியால் அழுத்துங்கள். மண் எல்லாப் பக்கமும் பரவும். அதே மண்ணைப் பென்சிலைப் படுக்க வைத்து அழுத்துங்கள். பென்சிலின் நீளவாக்கில் மண் நகராது. குறுக்கே இரண்டு பக்கமும் ஒதுங்கி நீளும். பழுக்கக் காய்ந்த இரும்பும் அந்தக் களிமண்தான். உருண்டை மூக்கு இரும்பை எல்லாப் பக்கமும் விரிக்கும். பட்டை மூக்கு இரும்பை ஒரே திசையில் இழுக்கும். மண்வெட்டியின் தகட்டை அகலப்படுத்த ஒரு மூக்கு, அரிவாளின் வாலை நீட்ட ஒரு மூக்கு. இதைப் புரிந்துகொண்டவர் எந்தப் பழைய சுத்தியலைப் பார்த்தாலும், அது எந்தத் திசையில் இரும்பைத் தள்ளப் பிறந்தது என்று சொல்லிவிடுவார்.

இதோ முதல் சுத்தியல். பால் பீன். மெக்கானிக் ஷெட்டுகளில் தினமும் பார்ப்பீர்கள். இந்த உருண்டை எதற்கு? ரிவெட் ஆணியின் தலையைச் சுற்றிலும் சமமாக விரித்து அடைப்பதற்கு. வெல்டிங் பரவுவதற்கு முன்னால் கொதிகலனும் கப்பலும் பாலமும் ரிவெட் ஆணியால்தான் சேர்ந்து நின்றன. அந்த வேலை போய்விட்டது. சுத்தியலின் உருவம் மட்டும் தங்கிவிட்டது. கன்னத்தில் 2 என்ற எண் இருக்கிறது பாருங்கள். இரண்டு பவுண்டு, நம் கணக்கில் ஏறத்தாழ 900 கிராம். உலை வேலை பழக வருகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான எடை இல்லை. மணிக்கணக்கில் அடித்தாலும் தோள் தாங்கும். ஒன்றரைக் கிலோவில் ஆரம்பித்து ஒரே வாரத்தில் முழங்கையைக் கெடுத்துக்கொண்டு உலையை விட்டே ஓடிப்போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். எடையில் வீரம் காட்டாதீர்கள்.

இந்தச் சுத்தியலை அப்படியே உலைக்களத்தில் பயன்படுத்தலாமா? பயன்படுத்தலாம், முகத்தை மட்டும் திருத்த வேண்டும். கடையிலிருந்து வரும் சுத்தியலின் முகம் தட்டையாகவும் ஓரம் கூராகவும் இருக்கும். அதை வைத்துக் காய்ந்த இரும்பை அடித்தால், கை கொஞ்சம் சாய்ந்தாலும் பிறை பிறையாகத் தழும்பு விழும். அந்தத் தழும்பை எடுக்க அடித்த நேரத்தைப்போல இரண்டு மடங்கு நேரம் ராவ வேண்டிவரும். அதனால் முகத்தின் நடுவை மயிரிழை உயரமாக விட்டு, ஓரத்தைச் சுற்றிலும் உருட்டிவிட வேண்டும். கண்ணாடித் தட்டில் கவிழ்த்து வைத்தால் நடு மட்டும் தொட வேண்டும், ஓரம் தூக்கி நிற்க வேண்டும். சாணையில் பிடிக்கும்போது பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும். விரல் பொறுக்காத சூடு வருவதற்கு முன்னால் தண்ணீரில் நனையுங்கள். முகத்தில் நீல நிறம் ஓடிவிட்டதா? சுமார் 300 டிகிரிக்குப் போய்விட்டது என்று பொருள். அந்த இடத்தில், காய்ச்சி நனைத்துக் கொடுத்த தோய்ச்சல் இளகிவிட்டது. கடினம் குறைந்த முகம் கொஞ்ச நாளில் குழியும்.

சுத்தியலை நாம் தேர்ந்தெடுத்துவிட்டோம். உள்ளே இருக்கும் இரும்பு எப்படிப்பட்டது? அதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டுமா? வேண்டாம். காது வேண்டும், கண் வேண்டும், ஓர் அரம் வேண்டும்.

முதலில் காது. காம்பைக் கழற்றிய தலையை நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சின்ன இரும்புத் துண்டால் தட்டுங்கள். நல்ல உருக்கு மணிபோல் ஒலித்து, ஒலி நின்று தேயும். விரிசல் விழுந்த தலை ‘தொப்’ என்று ஊமையாக ஒலிக்கும். அந்தக் காலத்தில் ரயில் நிலையத்தில் வண்டி வந்து நின்றதும், நீளக் காம்பு போட்ட சிறு சுத்தியலோடு ஓர் ஊழியர் ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிக்கொண்டே போவாரே, பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அவர் கேட்டதும் இதைத்தான். ஒரு தொடர்வண்டி முழுக்க இருந்த உயிர்கள் அந்த ஒரு மனிதரின் காதை நம்பிப் பயணம் செய்தன.

காதுக்குச் சந்தேகம் வந்தால் மண்ணெண்ணெய். தலையை ஓர் இரவு மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, நன்றாகத் துடைத்துக் காயவைத்து, மேலே சுண்ணாம்பைப் பூசிவிடுங்கள். விரிசல் இருந்தால் அதற்குள் ஒளிந்திருக்கும் எண்ணெய் கசிந்து, வெள்ளைச் சுண்ணாம்பில் ஈரக் கோடு எழும். கண்ணைச் சுற்றியுள்ள இடத்தைக் கவனமாகப் பாருங்கள். விரிசல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். கோடு எழுந்தால் அந்தத் தலையை மறந்துவிடுங்கள். எவ்வளவு அழகாக இருந்தாலும், எவ்வளவு பழையதாக இருந்தாலும், விரிசல் கண்ட சுத்தியலுக்குக் காம்பு போடாதீர்கள்.

அடுத்தது அரம். புது அரத்தை முகத்தில் இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் முகம் தோய்ச்சலோடு கடினமாக இருக்கிறது. அதே அரத்தைக் கன்னத்தில் இழுங்கள். அங்கே பிடிக்க வேண்டும், தூள் உதிர வேண்டும். நல்ல சுத்தியலுக்கு முகம் கடினம், கன்னம் மென்மை. முழுக்கக் கடினமாக இருந்தால் கண்ணில் பிளக்கும்; முழுக்க மென்மையாக இருந்தால் முகம் குழியும். நல்ல நிறுவனங்கள் முகத்துக்கும் மூக்குக்கும் மட்டும் தோய்ச்சல் கொடுத்துக் கண்ணை விட்டுவிடும். நம் நாட்டில் உருக்குச் சுத்தியலுக்கென்றே ஐ.எஸ். 841 என்ற தர அளவீடு இருக்கிறது. அந்த முத்திரையோடு ஒரு தலை கிடைத்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்தது.

பிறகு பொறி. மாணவர்களுக்கு இது பிடிக்கும். சாணைச் சக்கரத்தில் கன்னத்தின் ஓரத்தை லேசாகத் தொட விடுங்கள். மென்னிரும்பு நீளமான நேர்க்கோடுகளாகப் பொறி விடும். கிளை அதிகம் பிரியாது. கரிச்சத்து மிகுந்த உருக்கு, தீபாவளி மத்தாப்பு மாதிரி கிளை கிளையாக வெடிக்கும். வார்ப்பிரும்பு குட்டையாக, மங்கலான சிவப்பில் பொறி விடும். வார்ப்பிரும்பில் செய்த மலிவுச் சுத்தியலை உலைப்பக்கம் கொண்டு போகாதீர்கள். காய்ச்சி அடித்தால் வெல்லக்கட்டி மாதிரி நொறுங்கும்.

இப்போது இரண்டாவது சுத்தியல். இதை நான் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். துருவைத் துடைத்தபோது கன்னத்தில் ஆங்கிலத்தில் ‘காஸ்ட் ஸ்டீல்’ என்று முத்திரை தெரிந்தது. பலர் இதைப் பார்த்து ‘காஸ்ட் அயர்ன்’, வார்ப்பிரும்பு என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். பெரிய தவறு. இது வார்ப்பிரும்பு இல்லை. மூசையில் உருக்கி வார்த்த உயர்ந்த உருக்கு.

இங்கிலாந்தில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் என்றொரு கடிகாரக்காரர் இருந்தார். கடிகார வில்லுக்கு நல்ல உருக்கு கிடைக்காமல், 1740களில் களிமண் மூசைக்குள் உருக்கை உருக்கி எடுக்கும் முறையைக் கண்டார். ஷெஃபீல்டு நகரம் உலகத்துக்கே கருவி செய்துகொடுத்தது அந்த உருக்கில்தான். ஆனால் மூசைக்குள் இரும்பைக் கரிச்சத்தோடு வைத்து உருக்கு எடுக்கும் கலை, அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் மண்ணில் இருந்தது. சென்னிமலைக்குப் பக்கத்தில் கொடுமணல் அகழாய்வில் அதன் தடயங்கள் கிடைத்தன. மேல்சிறுவளூரில் மூசைத் துண்டுகள் குவியலாகக் கிடந்ததை சாரதா ஸ்ரீனிவாசன் 1990களில் ஆராய்ந்து எழுதினார். ‘வூட்ஸ்’ என்ற பெயரில் ஐரோப்பாவுக்குப் போன இந்திய உருக்கை மைக்கேல் ஃபாரடே, ஆம், மின்சாரத்தில் நாம் படிக்கிற அதே ஃபாரடே, 1819இல் ஆராய்ந்து கட்டுரை எழுதினார்.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. கடலூருக்குத் தெற்கே பரங்கிப்பேட்டையில் 1830களில் ஓர் இரும்பாலை நடந்தது. அதைத் தொடங்கியவர் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர். பிறகு அவர் தாய்நாடு திரும்பி, மூசைக்குள் மாங்கனீசைச் சேர்த்தால் மலிவான இரும்பிலும் நல்ல உருக்கு எடுக்கலாம், அது இரும்போடு ஒட்டவும் ஒட்டும் என்று காட்டி, 1839இல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டுக்காரர்கள் அந்த முறையைக் கைக்கொண்டார்கள். அவர் தன் உரிமைக்காக ஆண்டுக்கணக்கில் வழக்காடினார். ஆகவே ‘காஸ்ட் ஸ்டீல்’ என்ற முத்திரையோடு ஒரு துருப்பிடித்த தலை உங்கள் கையில் வந்தால், அதற்குள் பரங்கிப்பேட்டையில் இரும்பு காய்ச்சிய ஒருவரின் அனுபவமும் கலந்திருக்கலாம் என்று எண்ணிப் பாருங்கள். இதையா கிலோக் கணக்கில் போடுவது?

இந்தச் சுத்தியலை நான் வெட்ட மாட்டேன். உருமாற்ற மாட்டேன். துருவை எடுத்து, காம்பு மட்டும் போடுவேன். துருவை எடுக்க ஆசிட் வேண்டியதில்லை. நம் வீட்டுப் புளி போதும். புளித்தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்துத் தேங்காய் நாரால் தேயுங்கள். கழுவி, உடனே சூடாக்கி ஈரத்தைப் போக்கி, எண்ணெய் தடவுங்கள். சக்கரத்தில் வைத்துப் பளபளப்பாக்காதீர்கள். முத்திரை அழிந்துவிட்டால் அது பேச வேண்டிய வாயை நாமே அடைத்துவிட்டோம்.

மூன்றாவது, இந்தப் பெரிய சம்மட்டி. நம் பழைய தமிழில் இதற்குக் ‘கூடம்’ என்றும் பெயர் உண்டு. எட்டு பவுண்டு, சுமார் 3.6 கிலோ. இதில் ‘எஸ்.ஐ.ஆர்.’ என்று பொறித்திருக்கிறது. சவுத் இந்தியன் ரயில்வே. தென்னிந்திய ரயில்வேயும் வேறு இரண்டு ரயில்வேக்களும் சேர்ந்து 1951 ஏப்ரல் 14ஆம் தேதி தெற்கு ரயில்வே ஆனது. அப்படியானால் இந்தச் சம்மட்டிக்கு என்ன வயது? குறைந்தது அதற்கு முந்தியது. மூன்றே எழுத்து, ஆனால் பிறந்த தேதிச் சான்றிதழ் மாதிரி.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். ரயில்வே முத்திரை உள்ள பொருளை வழியில் கண்டெடுத்தேன், யாரோ கொடுத்தார் என்று வாங்கி வைக்காதீர்கள். 1966ஆம் ஆண்டின் ரயில்வே சொத்துச் சட்டப்படி அது குற்றமாகலாம். ஏலத்தில் வந்ததற்குச் சீட்டு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இதற்கு என்னிடம் சீட்டு இருக்கிறது.

முகத்தைப் பாருங்கள். காளான் குடைபோல் ஓரம் மடிந்து பிதுங்கியிருக்கிறது. இது சாதாரணத் தேய்மானம் இல்லை, ஆபத்து. அந்த மடிப்பிலிருந்து ஒரு சில்லு தெறித்தால் துப்பாக்கிக் குண்டுதான். நான் பயிற்சி பெற்ற காலத்தில், என் பக்கத்தில் நின்ற தோழன் ஒரு சுத்தியலை இன்னொரு சுத்தியலால் அடித்தான். கண் இமைக்கும் நேரம். கடுகளவு சில்லு அவன் முன்கைக்குள் புகுந்துவிட்டது. அறுத்துத்தான் எடுத்தார்கள். அது கண்ணுக்குப் போயிருந்தால்? கடினமான முகத்தோடு கடினமான முகத்தை மோதவிடாதீர்கள். மாணவர்களே, இன்று நான் சொல்வதில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். பிதுங்கிய ஓரத்தைச் சாணையில் முழுக்க எடுத்த பிறகுதான் எந்த வேலையும்.

சரி, இவ்வளவு தேய்ந்த சம்மட்டியை என்ன செய்வது? தனியாக உலை வேலை பழகுகிறவருக்குச் சம்மட்டி அடிக்கத் துணை ஆள் கிடைப்பதில்லை. ஆனால் பட்டடைக்கல் வேண்டும். புதுப் பட்டடைக்கல் வாங்கக் காசு ஏது? ஒரு புளியமரத் துண்டை இடுப்பளவு உயரத்துக்கு நிறுத்தி, அதில் குழி வெட்டி, இந்தத் தலையைக் கண் மறையும் அளவுக்குச் செங்குத்தாக இறக்குங்கள். அசையாமல் இறுக்கிவிட்டால், கத்தி, கொக்கி, கொண்டி, சிறு உளி எல்லாம் அடிக்கப் போதுமான பட்டடை தயார். நம் நாட்டுக் கொல்லர்கள் கொம்பு நீட்டிய பெரிய சீமைப் பட்டடைக்கல் இல்லாமல், மண்ணிலோ மரத்திலோ இறக்கிய சிறு கட்டியில்தானே தலைமுறை தலைமுறையாக ஏர்க்கொழு அடித்தார்கள்? அடியின் நேர்க்கீழே கனம் இருந்தால் போதும். அகலத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்.

நான்காவதும் ஐந்தாவதும் விரைவாகச் சொல்லிவிடலாம். இது கல்லுளியை அடிக்கும் சிற்பியின் சுத்தியல். அரம் எங்கும் பிடிக்கிறது, முகத்தில் பள்ளம் பள்ளமாக இருக்கிறது. இது குறை இல்லை. உளியைத் தெறிக்க விடாமல் அடிப்பதற்காக மென்மையாகவே செய்தது. உலையில் காய்ந்த இரும்பை அடிக்க இது உதவாது. ஆனால் உலைக்களத்தில் உளி, துளைக்கருவி இவற்றின் தலையில் அடிக்க இதைவிட நல்ல சுத்தியல் இல்லை. இந்த இன்னொன்று கன்னாரின் சுத்தியல். செம்பையும் பித்தளையையும் தட்டி வழவழப்பாக்கும் சுத்தியல். முகம் கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஒரே ஒரு முறை காய்ந்த இரும்பில் அடித்துவிட்டால் அந்தக் கண்ணாடி போய்விடும், அதன் பிறகு முகத்தில் விழுந்த தழும்பெல்லாம் பாத்திரத்தில் பதியும். இதைக் கும்பகோணத்துப் பக்கம் பாத்திரப் பட்டறை வைத்திருக்கும் ஒருவருக்குக் கொடுக்க வைத்திருக்கிறேன். எல்லாப் பழைய சுத்தியலையும் நம் உலைக்கே இழுத்துக்கொண்டு வர வேண்டும் என்ற ஆசை வேண்டாம்.

ஆறாவதில்தான் உண்மையான உருமாற்றம். இதுவும் பால் பீன். பெயர் இல்லை, முத்திரை இல்லை, விரிசலும் இல்லை. பொறி நன்றாக வெடிக்கிறது. இதை என்ன செய்யலாம் என்று என்னிடம் கேட்டால், உருண்டை மூக்கைப் பட்டை மூக்காக மாற்றச் சொல்வேன். எப்படி?

காம்பை அறுத்து எடுத்துவிடுங்கள். பெயின்ட்டோ மேல்பூச்சோ இருந்தால் முழுக்கச் சுரண்டிவிடுங்கள். துத்தநாகப் பூச்சு உலையில் எரிந்தால் அந்தப் புகை நெஞ்சுக்கு நஞ்சு. தலையை மெதுவாகக் காய்ச்சுங்கள். அவசரப்பட்டுத் துருத்தியை ஊதினால் மேல் காயும், நடு பச்சையாக இருக்கும். நல்ல பழுத்த ஆரஞ்சு நிறம் வந்ததும் குறட்டால் எடுத்து, கண்ணுக்குள் அதன் அளவுக்குச் செதுக்கிய ஓர் இரும்புக் கட்டையை நுழையுங்கள். எதற்கு? நுழைக்காமல் அடித்தால் கண் நசுங்கிப்போகும். பிறகு காம்பு நிற்காது. பட்டடையில் வைத்து, துணை ஆள் சம்மட்டியால் உருண்டையை இரண்டு பக்கமும் மாறி மாறி அடிக்கட்டும். நான்கைந்து காய்ச்சலில் உருண்டை பட்டையாகும். நிறம் மங்கிச் செம்மை போனதும் நிறுத்துங்கள். ஆறிய உருக்கை அடிப்பவர் விரிசலை உள்ளே விதைக்கிறார்.

வடிவம் வந்ததும் இன்னொரு முறை சிவக்கக் காய்ச்சி, சாம்பலுக்குள் புதைத்து ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் எடுத்தால் அரத்துக்கு வெண்ணெய்போல் இணங்கும். மூக்கின் விளிம்பைக் கூராக விடாமல் விரல் நுனி அளவுக்கு உருட்டுங்கள். கூரான மூக்கு இரும்பை இழுக்காது, வெட்டும்.

இனி தோய்ச்சல். மறுபடி காய்ச்சுங்கள். காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனால் ஒட்டக் கூடாது. ஏறத்தாழ 770 டிகிரியில் இரும்பு காந்தத்தை மறந்துவிடும். அதற்குக் கொஞ்சம் மேலே போனால் போதும். முகத்தை மட்டும் தோயுங்கள், பிறகு மூக்கை மட்டும் தோயுங்கள், கண்ணை நனைக்காதீர்கள். எந்த உருக்கென்று தெரியாதபோது முதலில் எண்ணெயில் தோய்ப்பது நல்லது. தண்ணீர் பொறுக்காத உருக்கு ‘டிங்’ என்று ஒரு சத்தம் போட்டுப் பிளந்துவிடும். நம் இரண்டு நாள் உழைப்பும் அதோடு போகும். எண்ணெயில் தோய்த்த பிறகும் அரம் பிடித்தால், அப்போது தண்ணீருக்குப் போகலாம்.

தோய்ந்த முகம் கண்ணாடி மாதிரி கடினம். கண்ணாடி மாதிரியே உடையும். அதைக் கொஞ்சம் இளக்க வேண்டும். இங்கேதான் பெரியாசாரி செய்ததைச் சொல்ல ஆசைப்படுகிறேன். அவர் முகத்தை மணலில் தேய்த்து வெளுப்பாக்குவார். தனியாக ஓர் இரும்புக் கட்டையைச் சிவக்கக் காய்ச்சி அதைச் சுத்தியலின் கண்ணுக்குள் நுழைப்பார். நுழைத்துவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பார். சூடு கண்ணிலிருந்து இரண்டு பக்கமும் நகரும். முதலில் கன்னம் நீலமாகும். நீலத்துக்கு முன்னால் ஊதா நடக்கும், ஊதாவுக்கு முன்னால் பழுப்பு, அதற்கு முன்னால் வைக்கோல் நிறம். அந்த வைக்கோல் நிறம் முகத்தின் விளிம்பைத் தொட்ட நொடியில் சட்டென்று தண்ணீரில் போடுவார். கண்ணில் மென்மை, முகத்தில் கடினம். நடுவில் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மெல்ல மெல்ல மாற்றம். வெப்பமானி இல்லை, கடிகாரம் இல்லை. வைக்கோல் நிறம் என்றால் சுமார் 220, 230 டிகிரி என்று நான் பிறகு புத்தகத்தில் படித்தேன். அவருக்கு அது வைக்கோல் நிறம், அவ்வளவுதான். அளவு தவறியதில்லை.

காம்பைப் பற்றி ஒரு வார்த்தை. மேல்நாட்டார் ஹிக்கரி மரத்தைக் கொண்டாடுவார்கள். நமக்கு வேல மரம் இருக்கிறது. வண்டிச் சக்கரமாக மேடு பள்ளம் தாங்கிய மரம் சுத்தியலின் அதிர்ச்சியைத் தாங்காதா? நன்றாகக் காய்ந்த, முடிச்சில்லாத, இழை நீளவாக்கில் ஓடும் கட்டையாகப் பாருங்கள். பச்சை மரத்தில் காம்பு போட்டால் சித்திரை வெயிலில் சுருங்கி, தலை பறந்துவிடும். தலையைத் தண்ணீரில் ஊறவைத்து இறுக்குவது ஒரு நாளைக்குத்தான் உதவும். மரம் மறுபடி காய்ந்ததும் முன்பைவிடத் தளரும். ஆப்பு அடித்து இறுக்குங்கள்.

இனி ஏழாவது. இதைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. இதில் எழுத்தே இல்லை. நிறுவனம் இல்லை, எடை எண் இல்லை. கண் கொஞ்சம் கோணல். கன்னத்தில் துருவைத் துடைத்தபோது மர ரேகைபோல் வரி வரியாகத் தெரிந்தது. அது பழைய இழை இரும்பின் அடையாளம். முகத்தின் பக்கவாட்டைக் கொஞ்சம் ராவி, வினிகரைத் தடவி வைத்தேன். விரல் பருமனில் முகம் மட்டும் கறுத்தது, அதற்குப் பின்னால் உடல் வெளிறியே நின்றது. நடுவில் ஒரு கோடு. உடல் இரும்பு, முகம் மட்டும் உருக்கு. உருக்கு அருமையாக இருந்த காலத்தில், யாரோ ஒரு கொல்லர் இரும்பு உடலில் சின்ன உருக்குத் துண்டை வைத்து, உலையிலேயே காய்ச்சி, அடித்தே ஒட்டியிருக்கிறார். அந்த ஒட்டு இன்றுவரை விடவில்லை.

முகத்தைப் பாருங்கள். வலது ஓரம் மட்டும் அதிகம் தேய்ந்திருக்கிறது. பிடித்தவரின் மணிக்கட்டு அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. ஒரு நாள் இரண்டு நாள் தேய்மானம் இல்லை இது; ஓர் ஆயுள். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் சந்தனமும் குங்குமமும் வாங்கிக்கொண்டிருந்த சுத்தியல். பட்டறை பூட்டப்பட்டு, பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய், வீடு ஒழிக்கும் நாளில் சாக்கோடு காயலான் கடைக்கு வந்திருக்கிறது. அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. உலை அவர்களுக்குச் சோறு போடவில்லை. ஆனால் அதைச் செய்தவரின் பெயரை யாராலும் சொல்ல முடியாது என்பதை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை.

இந்தத் தேய்ந்த ஓரத்தை நேராக்கலாமா என்று யோசித்தேன். மூன்று நாள் திண்ணையில் வைத்துப் பார்த்தேன். தொடவில்லை. வேல மரக் காம்பு மட்டும் நேற்று போட்டேன்.

அரங்கின் பின்புறம் வேப்ப மரத்தடியில் உலை மூட்டி வைத்திருக்கிறோம். பிள்ளைகளே, ஆறாவது சுத்தியலின் மூக்கை இன்று நீங்கள்தான் அடிக்கப் போகிறீர்கள். பாதுகாப்புக் கண்ணாடி மாட்டாதவர்கள் அங்கே கட்டியிருக்கும் கயிற்றுக்கு இந்தப் பக்கமே நில்லுங்கள். செருப்போடு வந்தவர்களும் இந்தப் பக்கம்தான். முதல் காய்ச்சலில் ஒரு கொண்டி அடித்துக் காட்ட வேண்டும் என்று முன் வரிசைப் பெரியவரைக் கேட்டிருக்கிறேன். ஐயா, ஏழாவது சுத்தியலை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கையும் வலப்பக்கம்தான் சாயும் என்று கவனித்துவிட்டேன். வாருங்கள், கரி காய்ந்திருக்கும்.